தூஃபானுக்கு ஒரு ஸ்வெட்டர்

ஒல்லியாக இருப்பவன் ஒல்லியான நாயை வளர்க்கக் கூடாது. இதை எனக்கு யாராவது முன்பே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன் என்பது வேறு விஷயம். இருபத்தெட்டு வயதில் நான் யார் பேச்சையும் கேட்கிற ஆளாக இல்லை. (இப்போது மனைவி பேச்சைக் கேட்கிறேன். அதற்கும் அந்த நாய்தான் காரணம்.)

போர்ட் பிளேரில் டெய்ரி ஃபார்ம் பகுதியில் எங்கள் வீடு. அப்போது நானும் அம்மாவும் மட்டும்தான். தீவுகளுக்கு இடையே ஓடும் படகுகளுக்கு டிக்கெட் கொடுக்கும் கவுண்டரில் எனக்கு வேலை. எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. மெயின்லாண்டுக்கு மாற்றலாகிப் போகிற அதிகாரிகள், எடுத்துப்போக முடியாத சாமான்களைத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போவார்கள். பூந்தொட்டி, கூலர், கட்டில், சில சமயம் கிளி. விவரமானவர்கள் கட்டிலைக் கேட்டு வாங்குவார்கள். நான் நாயை வாங்கினேன்.

அது ஒரு கிரேஹவுண்ட். அதை வளர்த்த அதிகாரிக்குப் போகிற ஊரில் ஒன்பதாவது மாடியில் வீடு கிடைத்திருந்தது. "ஹவா கீ தரஹ் பாக்தா ஹை" என்றார். காற்று மாதிரி ஓடும் என்ற அந்த ஒரு வாக்கியத்தில் நான் விழுந்துவிட்டேன். கையில் கயிற்றோடு நான் ஜங்ஷனில் நடக்கிறேன், ஜனங்கள் ஒதுங்கி வழிவிடுகிறார்கள், "யாரப்பா அது?" என்று விசாரிக்கிறார்கள். இப்படியெல்லாம் கற்பனை. நாயின் பெயரும் அதற்கேற்ப தூஃபான். இந்தியில் புயல் என்று அர்த்தம். படகு ரத்தாகும் நாட்களில் கவுண்டர் ஜன்னல் வழியாக நான் நூறு முறை சொல்லித் திட்டு வாங்குகிற வார்த்தை அது.

வீட்டுக்கு வந்த புயல் நேராக என் கட்டிலில் ஏறிப் படுத்தது. சாப்பிடவும் வெளிக்குப் போகவும் மட்டும் இறங்கியது. ஒரு நாளைக்குப் பதினெட்டு மணி நேரம் தூங்கியது. நான் தரையில் பாயை விரித்துக்கொண்டேன்.

மழை இன்னொரு தொல்லை. அந்தமானில் வருஷத்தில் பாதிக்கு மேல் மழைதான். தூஃபானுக்கோ ஒரு சொட்டு மூக்கில் பட்டாலும் ஆகாது. எவ்வளவு அவசரமானாலும் அடக்கிக்கொண்டு வாசலில் நின்று என் முகத்தையே பார்க்கும். அதனால் தினமும் காலையில் அதன் தலைக்கு மேல் குடையைப் பிடித்துக்கொண்டு, நான் தொப்பலாக நனைந்தபடி சுவரோரம் நிற்பேன். கிரேஹவுண்ட் நீளமான நாய். தலைக்குக் குடை பிடித்தால் வால் நனையும். வால் நனைந்தால் போன காரியம் பாதியில் நின்றுவிடும். பிறகு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இதையெல்லாம்கூட சகித்துக்கொண்டேன். அதன் உடம்புதான் என் மானத்தை வாங்கியது. கிரேஹவுண்டுக்கு விலா எலும்பு தெரியும், இடுப்பு ஒட்டியிருக்கும், முதுகெலும்பு மேடு மேடாக இருக்கும். அதுதான் ஆரோக்கியம். இது எனக்குத் தெரியும், கால்நடை டாக்டருக்குத் தெரியும். டெய்ரி ஃபார்மில் வேறு யாருக்கும் தெரியாது. ஜங்ஷனில் ஜனங்கள் ஒதுங்கி வழிவிட்டது உண்மைதான், ஆனால் "அட பாவி" என்று சொல்லிக்கொண்டே ஒதுங்கினார்கள். பக்கத்து வீட்டு வங்காளிப் பெண்மணியை எல்லோரும் காக்கி, அதாவது சித்தி, என்று கூப்பிடுவோம். அவர் தினமும் மீன் குழம்பு ஊற்றிய சோற்றை மதில் மேல் வைத்துவிட்டு, தெருவுக்கே கேட்கும்படி "சேகர், குத்தே கோ கானா தோ!" என்று கத்துவார். நாய்க்குச் சோறு போடச் சொல்கிறாராம். அந்தச் சோற்றையும் தின்றுவிட்டு, ஒரு மாதமாகப் பட்டினி கிடந்தது போல அவரைப் பார்த்து நிற்கும் தூஃபான்.

இந்த நேரத்தில்தான் எனக்குப் பெண் பார்க்க ஆரம்பித்தார்கள்.

பெண் சௌல்தாரி கிராமத்தில். பெயர் வசந்தி, பள்ளிக்கூட டீச்சர். அப்பாவுக்குப் பாக்குத் தோப்பும் காய்கறித் தோட்டமும். நாங்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பம். அவர்களோ நாலு தலைமுறையாக இந்தத் தீவிலேயே இருப்பவர்கள். "நல்ல எடம்டா. ஒடம்பு கொஞ்சம் தெரியிற மாதிரி உடுத்திக்கிட்டு வா" என்றார் அம்மா. உடம்பு இருந்தால்தானே தெரியும்? யோசித்தேன். சட்டைக்குள் மூன்று பனியன்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு போனேன்.

சௌல்தாரியில் அன்று புழுக்கம். எனக்கு வியர்த்த வியர்வையில் வசந்தியின் அப்பா தாமாகவே எழுந்து ஃபேனை என் பக்கம் திருப்பினார். பிறகு ஒரு துண்டும் கொடுத்தார். வசந்தி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "போட் கேன்சலானா எல்லாரும் ஒங்களையா திட்டுவாங்க?" ஆமாம் என்றேன். "கடல் கொந்தளிச்சா நீங்க என்னங்க பண்ணுவீங்க, பாவம்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். கவுண்டரில் உட்கார்ந்த ஐந்து வருஷத்தில் என்னைப் பாவம் என்று சொன்ன முதல் மனுஷி அவர்தான். எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போயிற்று. கட்டினால் இவரைத்தான் என்று பஸ்ஸிலேயே அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

பெண் வீட்டார் மாப்பிள்ளையைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிப்பது வழக்கம்தானே? வசந்தியின் அப்பா சொல்லாமல் கொள்ளாமல் டெய்ரி ஃபார்முக்கு வந்து, நேராகக் காக்கியிடம் விசாரித்துவிட்டுப் போயிருக்கிறார். இதைக் காக்கியே என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

"லட்கா அச்சா ஹை, நல்ல பையன்னு சொன்னேன்" என்றார் அவருக்குத் தெரிந்த தமிழில். "குடிக்காது, சண்டை போடாது. குத்தாவுக்கு மட்டும் சோறு போடாது. அதையும் சொன்னேன். நான் ஜூட் பேசாது."

பொய் பேசாத காக்கியின் வாயால் என் கல்யாணம் ஊசலாடியது. நாய்க்கே சோறு போடாதவன் கட்டிக்கொண்டு வருகிறவளுக்கு என்ன போடுவான் என்றுதான் எந்த அப்பாவும் நினைப்பார். சௌல்தாரியிலிருந்து செய்தியும் வந்தது: "ரெண்டு வாரம் கழிச்சு ஞாயித்துக்கெழமை வீடு பாக்க வர்றோம். அந்த நாயையும் பாக்கணும்."

மறுநாளே கால்நடை டாக்டரிடம் ஓடினேன். "இந்த நாய் பட்டினி கிடக்கவில்லை" என்று சீல் வைத்து ஒரு சர்டிஃபிகேட் தரச் சொன்னேன். (அரசாங்க உத்தியோகம். சீல் இல்லாமல் எதையும் யாரும் நம்ப மாட்டார்கள் என்று எனக்கு எண்ணம்.) டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நாய்க்கு மட்டும் போதுமா, உனக்கும் ஒண்ணு வேணுமா?" என்று கேட்டார். நான் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

அடுத்த வழி, ஊட்டுவது. முட்டை, மீன் தலை, வாழைப்பழம், தேங்காய், கோழி ஈரல் என்று போட்டேன். தூஃபான் எல்லாவற்றையும் தின்றது. ஒரு இம்மிகூட ஏறவில்லை. வயிறு மட்டும் கெட்டுப்போயிற்று. வெளியே விடாத மழை. ஒரு நாளைக்கு ஒருமுறை பிடித்த குடையை ஒன்பது முறை பிடித்தேன். அந்த வாரத்தில் நான்தான் இரண்டு கிலோ இளைத்தேன்.

அந்த ஞாயிறும் வந்தது. அன்று காலையில்தான் என் மூளையில் அந்த யோசனை உதித்தது.

அம்மா பன்னிரண்டு வயதில் மலைத் தோட்டத்துக் குளிருக்குப் போட்ட நீல ஸ்வெட்டர் ஒன்று டிரங்குப் பெட்டியில் இருந்தது. கப்பலில் கூடவே வந்த அதை அந்தமானில் ஒருவரும் ஒருநாளும் போட்டதில்லை. அதை எடுத்துத் தூஃபானின் முன்னங்கால்களைக் கைகளுக்குள் நுழைத்தேன். ஒரு தலையணையைக் கிழித்து, இலவம்பஞ்சை விலாவுக்கு இரண்டு பக்கமும் திணித்தேன். வயிற்றுக்குக் கீழே ஊக்கு குத்தினேன். தள்ளி நின்று பார்த்தால் நல்ல வளப்பமான நாய். கால்கள் மட்டும் குச்சி குச்சியாக இருந்தன. அதற்கு ஒன்றும் செய்ய முடியவில்லை.

அம்மா வந்து பார்த்துவிட்டு வாயில் கை வைத்துக்கொண்டார்.

"ஏன்டா, ஒனக்கென்ன பைத்தியமா? இந்த வெக்கையில நாய்க்கு சுவெட்டரா?"

"சளி புடிச்சிருக்குன்னு சொல்லிக்கலாம்மா."

"என்னால பொய் சொல்ல ஏலாது. அவுங்க கேட்டா நான் தேத்தண்ணி போடப் போயிருவேன்" என்றார். (நானும் மூன்று பனியன் போட்டிருப்பது அவருக்குத் தெரியாது.)

வசந்தியின் அப்பாவும் அத்தையும் பதினோரு மணிக்கு வந்தார்கள். மழை விட்டு லேசாக வெயில் அடித்தது. தூஃபான் வாசல் பக்கத்து நாற்காலியில் சாய்ந்து, ரிட்டயரான பெரிய மனுஷன் போலப் படுத்திருந்தது. அத்தை உடனே போனை எடுத்து வீடியோ பிடிக்க ஆரம்பித்தார், வசந்திக்குக் காட்டுவதற்காம்.

"நாய் நல்லாத்தானே இருக்கு" என்றார் அப்பா, என்னைச் சந்தேகமாகப் பார்த்தபடி. "என்ன சுவெட்டர் எல்லாம்?"

"சளிங்க. மத்தபடி சாப்பாட்டுல ஒரு கொறையும் இல்லீங்க."

அம்மா தேத்தண்ணி போடப் போனார்.

அந்த நிமிஷத்தில் காக்கியின் வெள்ளை வாத்து ஒன்று எங்கள் வாசல் வழியாகக் குடுகுடுவென்று ஓடியது. எட்டு மாதமாக என் கட்டிலை விட்டு இறங்காத அந்தப் பிராணி, தான் எதற்காகப் பிறந்தோம் என்பதை அப்போது ஞாபகப்படுத்திக்கொண்டது. நாற்காலி கவிழ்ந்தது. கேட்டின் கொக்கியில் ஸ்வெட்டர் மாட்டி, ஊக்கு தெறித்து, டர்ரென்று ஒரு சத்தம் கேட்டது. பிறகு தெருவெங்கும் பஞ்சு பறந்தது. அதிகாரி சொன்னது பொய்யில்லை. காற்று மாதிரிதான் ஓடியது.

"தூஃபான்! தூஃபான்!" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். புயல் வருகிறது என்று நினைத்து இரண்டு வீடுகளில் கொடியில் கிடந்த துணியை எடுத்தார்கள். தெருமுனைச் சேற்றில் குப்புற விழுந்தேன். வாத்து சாக்கடைக்குள் பாய்ந்து தப்பித்தது. அப்போது பார்த்து மழை பிடித்துக்கொண்டது.

மூக்கில் ஒரு சொட்டு விழுந்ததும் தூஃபான் அப்படியே திரும்பியது. போன வேகத்தில் வீட்டுக்கு வந்து, வசந்தியின் அப்பா உட்கார்ந்திருந்த பெஞ்சில் ஏறி, அவர் மடியில் தலையை வைத்துக்கொண்டது. நான் நொண்டிக்கொண்டு வந்து பார்க்கும்போது அதன் கழுத்தில் ஸ்வெட்டரின் காலர் மட்டும் இருந்தது. ஒட்டிக்கொண்ட ஈரப் பஞ்சுக்கு நடுவே விலா எலும்பு ஒவ்வொன்றும் எண்ணும்படி தெரிந்தது.

"இந்த ஜாதி நாய் இப்படித்தாங்க இருக்கும்" என்று நான் சொன்னது எனக்கே பொய் மாதிரி கேட்டது.

அவர் நாயின் காதிலிருந்து ஒரு துண்டுப் பஞ்சை எடுத்து உருட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார். என் வெள்ளைச் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. மேல் பொத்தான்கள் இரண்டும் சேற்றோடு போயிருந்தன. அவர் கொஞ்சம் முன்னால் குனிந்தார். விரலை நீட்டி நிதானமாக எண்ணினார்.

"ஏக்... தோ... தீன். தம்பி, மூணு பனியனா?"

"ஆமாங்க" என்றேன்.

"அன்னிக்கு சௌல்தாரிக்கு வந்தப்பவும்?"

"அன்னிக்கும் மூணுதாங்க."

என் கல்யாணம் அந்த இடத்திலேயே முடிந்துபோயிற்று என்று தெரிந்துவிட்டது. வசந்தி சிரித்தது நினைவுக்கு வந்தது. அழுகை வரும்போல் இருந்தது. மழையில் நனைந்திருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

இதற்குள் காக்கி, சேறான வாத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்துவிட்டார். அவர் இந்தியில் பொரிந்து தள்ளியதைத் தமிழில் சொல்கிறேன்: "இந்தப் பையன் ஒரு பாகல், பைத்தியம்! நாய் ஒண்ணுக்குப் போக தினமும் குடை பிடிக்கிறான்! நாய்க்குக் குடை, இவன் மழையில்! கட்டிலில் நாய் தூங்குது, இவன் தரையில்! போன வாரம் ஒரே நாளில் ஒன்பது தடவை குடை பிடிச்சான், நானே எண்ணினேன்! இவ்வளவு பண்றவன் அதுக்கு வயிறாரச் சோறு போட்டால் என்ன? என் வாத்தைத் தின்ன வருதே!"

வசந்தியின் அப்பா தூஃபானைப் பார்த்தார். அது அவர் மடியில் தூங்கிவிட்டிருந்தது. "பாகல்தான்" என்றார் அவர் காக்கியிடம். அம்மா கொண்டுவந்த தேத்தண்ணியை முழுதாகக் குடித்தார். அத்தையைக் கூட்டிக்கொண்டு, வேறொன்றும் சொல்லாமல் கிளம்பிவிட்டார்.

மறுநாள் கவுண்டரில் இருக்கும்போது போன் வந்தது.

"நான் வசந்தி. வீடியோ பாத்தேன். பதினாலு தடவ பாத்தேன்" என்றார். கொஞ்ச நேரம் அவரால் பேச முடியவில்லை, சிரிப்பு. பிறகு, "அந்தக் கொடை விஷயம் நெஜமா?" என்று கேட்டார்.

"நெஜந்தாங்க."

"அப்பா ராத்திரி பூரா அதையேதான் சொல்லிக்கிட்டிருந்தாரு. கல்யாணத்துக்கு அப்புறம் மழ பேஞ்சா கொடைய யாருக்குப் புடிப்பீங்க?"

ஒரு நல்ல மாப்பிள்ளை என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். அன்று நான் சொன்னது இதுதான்: "ரெண்டு கொடை வாங்கிரலாங்க."

கல்யாணம் நடந்தது. மாலையைப் போடுமுன் மாமனார் என் காதருகே குனிந்து, "எத்தன மாப்ள?" என்று கேட்டார். "ஒண்ணுதான் மாமா" என்றேன். இன்றைக்கும் சௌல்தாரி வீட்டு வாசலில் நான் செருப்பைக் கழற்றும்போது அவர் மூன்று விரலைத் தூக்கிக் காட்டுவார். அத்தையின் வீடியோ குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒவ்வொரு தீபாவளிக்கும் வலம் வருகிறது.

எட்டு வருஷமாயிற்று. தூஃபானுக்கு முகம் நரைத்துவிட்டது, உடம்பு அப்படியேதான் இருக்கிறது. எனக்கு வசந்தியின் கைப்பக்குவத்தில் நல்ல தொந்தி விழுந்துவிட்டது. போன மாதம் எதிர்வீட்டுக்குப் புதிதாக ஒரு தெலுங்குக் குடும்பம் குடிவந்தது. அந்த வீட்டு அம்மா நாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் நாயைப் பார்த்தார். பிறகு வசந்தியைத் தனியே கூப்பிட்டு, "உங்க வீட்டுக்காரர் நாயோட சாப்பாட்டையும் சாப்பிட்டுடறாரா?" என்று இந்தியில் கேட்டிருக்கிறார்.

அன்று மாமனாரும் வந்திருந்தார். வசந்தி வாயைத் திறப்பதற்குள் அவரே பதில் சொல்லிவிட்டார்:

"அப்பல்லாம் மூணு பனியன் போட்டும் காணாது. இப்ப ஒண்ணுகூட ஏற மாட்டேங்குது."