வருகையை முன்னிட்டு நிறுத்திவைக்கப்பட்ட கழிப்பறை

கருமத்தம்பட்டியைத் தாண்டி ஒரு சபை இருக்கிறது. பெயரைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள், வேண்டாம். அந்தச் சபையில் பெண்களுக்கான கழிப்பறை கட்டும் பணி, ஆண்டவருடைய இரண்டாம் வருகையை முன்னிட்டு நிறுத்திவைக்கப்பட்டது.

அறிவிப்பை வாசித்தவர் சபைச் செயலாளர் மாரப்பன். ஏதோ ஓர் அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது அவர் மட்டுந்தான். அவருடைய தமிழ் இன்னும் பணியில் இருந்தது. "வருகிற அறுப்பின் பண்டிகைக்கு முன்னதாகச் சபையார் மேலே பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட இருப்பதால், நீண்டகாலப் பயன்பாட்டுக்கான கட்டுமானப் பணிகள் யாவும் மறு உத்தரவு வரும்வரை நிறுத்தப்படுகின்றன" என்று வாசித்துவிட்டு, மறு உத்தரவு எங்கிருந்து வரும் என்று காட்ட விரலை மேலே நீட்டினார். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

தேதி, யூடியூபில் ஒரு சகோதரர் கண்டுபிடித்தது. அத்திமரம், சிவந்த நிலா, டீக்கடையில் ஒட்டியிருக்கும் கியூஆர் கோடு எல்லாவற்றையும் அம்புக்குறி போட்டு இணைத்து ஒரு படம் வரைந்திருந்தார். அதை ஃபிளெக்ஸ் அடித்துப் பிரசங்க மேடைக்குப் பின்னால் கட்டியாகிவிட்டது. கியூஆர் கோடுதான் கடைசிக் காலத்தில் சாத்தான் ஆட்கள்மேல் குத்தப்போகும் மிருகத்தின் முத்திரை என்று தெரிந்த நாளிலிருந்து பாதிச் சபை டீக்கடையில் கடன் சொல்லிக் குடித்தது.

இதில் அன்புக்கரசிக்கு வயிறு எரிந்தது. கோவையில் எம்.ஏ. படிக்கிறவள், வாதாட ஆள் கிடைக்காவிட்டால் பஸ் கண்டக்டரோடு வாதாடுகிறவள். ஆனால் இது வாதத்துக்கான எரிச்சல் அல்ல. சபைப் பெண்கள் அவசரத்துக்கு ரோட்டைத் தாண்டி ஆறுச்சாமி என்பவரின் தறிக்குடோனுக்குப் பின்னால்தான் போக வேண்டும். அவளுடைய அம்மா பழனியாத்தாளுக்குச் சர்க்கரை வியாதி. ரோட்டைத் தாண்டப் பயந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை எழுந்ததிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை. போன மாதம் பிரசங்கத்தின் நடுவே மயங்கிச் சரிந்தபோது, பரிசுத்த ஆவியின் அபிஷேகம் இறங்கிவிட்டதென்று சபையார் அல்லேலூயா சொன்னார்கள்.

ஆராதனை முடிந்ததும் அன்புக்கரசி செயலாளரைப் பிடித்தாள்.

"ஏனுங்க மாமா, கக்கூஸ் கட்ட நேரமில்லீங்க, செரி. உங்க ரூமுக்கு ஏசி மட்டும் மாட்டீருக்கீங்களே?"

"அது குறுகியகாலப் பணி அம்மணி. அரை நாள்ல முடிஞ்சுபோச்சு."

"அறுப்பின் பண்டிகைக்கு முன்னால எல்லாரும் போயிருவோம்னு சொன்னீங்க. பண்டிகையில வெளைச்சலை ஏலம் விடப் பூசணிக்காய் கொண்டுவரச் சொல்லி நோட்டீஸும் குடுத்தீங்களே?"

"கைவிடப்பட்டவங்கன்னு கொஞ்சப் பேரு மிஞ்சுவாங்கல்ல. அவங்களுக்கு ஏலம் நடத்தோணுமே."

"யாரு நடத்துவாங்க?"

"வேற யாரு, நம்ம கமிட்டிதான்."

சொன்ன பிறகுதான் மாரப்பனுக்குச் சுருக்கென்றது. "அது பரிசீலனையில் இருக்குது" என்று சொல்லிவிட்டு ஏசி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அடுத்த புதன்கிழமை வேதபாட வகுப்பு. பாஸ்டர் எழில் நல்ல மனிதர். யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் சொல்வதை ஒப்புக்கொள்ளும் அளவுக்கு நல்லவர். அன்புக்கரசி எழுந்து, மத்தேயுவைத் திறந்து, அந்த நாளும் நாழிகையும் தூதர்களுக்கே தெரியாது என்று ஆண்டவரே சொல்லியிருக்கும்போது யூடியூப் சேனல்காரருக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்று கேட்டாள்.

"நாளும் நாழிகையுந்தான் தெரியாது" என்றார் மாரப்பன். "மாசம் தெரியாதுன்னு எங்க எழுதியிருக்குது?"

"அப்ப உங்க ரிட்டயர்மென்ட் தேதி தெரியாது, மாசம் மட்டும் தெரியும்னு ஆபீஸ்ல சொல்லியிருந்தா ஒத்துட்டிருப்பீங்களா மாமா?"

வகுப்பு சிரித்தது. அவள் விடவில்லை. தெசலோனிக்கேயில் இப்படித்தான் சிலர் வேலையை விட்டுவிட்டுத் திரிந்ததையும், ஒழுங்காக வேலை செய்து சாப்பிடுங்கள் என்று அப்போஸ்தலர் பவுல் எழுதியதையும் வாசித்தாள். கடைசியாக, பெரோயா ஊர்க்காரர்கள் பவுல் சொன்னதையே சரிதானா என்று தினமும் வேதத்தில் தேடிப் பார்த்ததை வாசித்தாள். "காலத்துக்கு ஏத்தாப்ல வசனத்தை வளைக்கப்படாதுங்க. எது செஞ்சாலும் வசனம் எங்கன்னு கேக்கோணும்" என்று முடித்தாள்.

பாஸ்டர் எழில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பவுலையே சோதிச்சுப் பாத்திருக்காங்க. நம்ம சேனல்காரரு எம்மாத்திரமுங்க" என்றார். ஃபிளெக்ஸ் இறங்கியது. அடுத்த மழைக்கு அது யாரோ ஒருவர் வீட்டு மாட்டுக்கொட்டகையில் கூரையானது.

அன்றிலிருந்து சபையில் சோதித்துப் பார்ப்பது நாகரிகமாகிவிட்டது. 'பெரோயா அணி' என்று டீ ஷர்ட் அடித்தார்கள். கலர் கலராகக் கோடு போடும் பேனா வைத்திருக்காதவர் விசுவாசத்தில் குறைந்தவர் என்றாயிற்று. தலையில் மல்லிகைப்பூ வைக்க வசனம் உண்டா என்று பெண்கள் ஐக்கியம் இரண்டாகப் பிரிந்தது. ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குத் தக்காளிச் சாதமா, தயிர்ச் சாதமா என்று தீர்மானிக்க எசேக்கியேல் வரை போனார்கள். கொஞ்சம் அதிகந்தான் என்று அன்புக்கரசிக்கும் தோன்றியது. ஆனால் தான் மூட்டிய அடுப்பு நன்றாக எரிந்தால் யாருக்குத்தான் பெருமையாக இராது? அதோடு, சபைப் பொதுக்கூட்டத்துக்கான பொருள் வரிசையில் கழிப்பறை மறுபடியும் இடம் பிடித்திருந்தது.

கூட்டத்தன்று பழனியாத்தாளை முன்வரிசையில் உட்கார வைத்தாள். மாரப்பன் மூன்று நிறத்தில் கோடு போட்ட வேதாகமத்தோடு எழுந்தார்.

"மேற்படி கழிப்பறை தொடர்பாக, சகோதரி அன்புக்கரசி வகுத்துக்கொடுத்த நெறிமுறைப்படி வேதத்தை ஆராய்ந்தோம். உபாகமம் இருபத்துமூன்று. அதற்கான இடம் பாளயத்துக்குப் புறம்பே, அதாவது முகாமுக்கு வெளியே, இருக்கவேண்டும் என்று தெளிவாக உள்ளது. சபை வளாகம்தான் பாளயம். ஆகவே வளாகத்துக்குள் கட்டுவது வேத விரோதம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் தறிக்குடோன் புறம்பேதான் இருக்கிறது. நடைமுறையில் உள்ள ஏற்பாடே வேதத்தின்படியான ஏற்பாடு என்று கமிட்டி மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறது."

"ஆமென்" என்றது சபை. பெண்கள் பக்கத்திலிருந்தும்தான்.

அன்புக்கரசி எழுந்தாள். "அது வனாந்தரத்துல சண்டைக்குப் போன கூட்டத்துக்குச் சொன்னதுங்க. நம்ம காலத்துக்கு..."

"காலத்துக்கு ஏத்தாப்ல வசனத்தை வளைக்கப்படாதுன்னு நீதான் அம்மணி சொன்னே" என்றார் மாரப்பன், மிகவும் அன்பாக. "டீ ஷர்ட்டுக்குப் பின்னாடி அதைத்தான் அச்சடிச்சிருக்குது."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த டீ ஷர்ட்டுகள் முதுகைத் திருப்பிக் காட்டின. அச்சடித்துத்தான் இருந்தது.

"செரிங்க, ஏசிக்கு வசனம் எங்கீங்க?"

"ஆதியாகமம் மூணு. பகலில் குளிர்ச்சியான வேளையில கர்த்தர் தோட்டத்துல உலாவுனாரு. குளிர்ச்சி அவருக்குப் பிரியம்" என்றார், புத்தகத்தைப் பார்க்காமலே.

அன்புக்கரசி பாஸ்டரைப் பார்த்தாள். கடைசியாகப் பேசியது மாரப்பன். பாஸ்டர் எழில் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"உபாகமத்தின் அதே அதிகாரத்தில்," மாரப்பன் தொடர்ந்தார், "மண்ணைத் தோண்டி மூட ஒரு சிறுகோலும் கையில் இருக்கவேண்டும் என்றும் உள்ளது. இதைச் சபை இத்தனை காலம் கவனிக்கத் தவறியது வருத்தத்துக்குரியது. குறையைப் போக்க, சகோதரிகளின் உபயோகத்துக்காக ஒரு களைக்கொத்து வாங்கப்பட்டுள்ளது. சோதித்துப் பார்க்கும் எழுப்புதலை நமக்குள் கொண்டுவந்த சகோதரி அன்புக்கரசி சபையின் சார்பாக அதைப் பெற்றுக்கொள்வார்."

ஏகமனதாகக் கை தட்டினார்கள். வேதத்துக்கு எதிராக யார் கை தட்டாமல் இருப்பார்கள்? களைக்கொத்தின் பிடியில் உபயம் செய்தவரின் பெயர் சிவப்பு பெயின்டில் எழுதியிருந்தது. செல்போன்கள் உயர்ந்தன. "கொஞ்சம் சிரிங்க சிஸ்டர்" என்றார்கள். சிரிக்காமல் நின்றால் கோபக்காரி என்று படம் நிற்குமே என்று அவளும் சிரித்துவைத்தாள்.

களைக்கொத்தோடு வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். பழனியாத்தாள் அதைக் கையில் வாங்கி, கூர் பார்த்து, திருப்பிக் கொடுத்தார். பிறகு வறண்ட உதட்டை நாக்கால் நனைத்துக்கொண்டு, மகள் காதோரம் குனிந்தார்.

"அந்த யூடியூப்காரரு சொன்ன தேதியை நீ கெடுக்காம உட்டிருக்கலாம் கண்ணு. இனி இவங்களோட எத்தனை காலம் இருக்கோணுமோ."