மூணு பெல் மாமாவும் தள்ளக் கூடாத ஜீப்பும்

நின்றுபோன வண்டியைத் தள்ளுவது பாவம் என்று நம்புகிற மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருக்கிறார். கோலார் தங்க வயலில், ஸ்கெலட்டன் என்கிற பகுதியில், எங்கள் தொழிலாளர் லைனின் கடைசி வீட்டில் இருக்கிறார். மூணு பெல் மாமா என்றால் எல்லோருக்கும் தெரியும். ஞானஸ்நானத்தில் வைத்த பேர் ஒன்று உண்டு. அது பாதிரியாருக்கும் ரேஷன் கார்டுக்கும் மட்டும் தெரியும்.

சுரங்கம் ஓடிய காலத்தில் மாமாவுக்கு ஷாப்ட் என்கிற இறங்குகுழியின் வாசலில் பெல் அடிக்கிற வேலை. ஆட்களை உள்ளே இறக்குகிற இரும்புக் கூண்டுக்கு எங்கள் ஊரில் கேஜ் என்று பேர். மாமாவின் பெல் இல்லாமல் கேஜ் அசையாது. ஒரு பெல் அடித்தால் நில். ரெண்டு அடித்தால் ஓட்டு. மூணு அடித்தால் ஆள் ஏறலாம், ஏறியவன் அப்புறம் இறங்கக் கூடாது. சுரங்கத்தை மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மாமா இன்னும் மூடவில்லை.

அவரிடம் ஒரு பழைய டீசல் ஜீப் இருக்கிறது. பானெட்டில் யாராவது ரெண்டு தட்டு தட்டினால்தான் சாவியைத் திருப்புவார். அத்தை இருந்தவரை அத்தை தட்டினார். இப்போது பால்காரர் தட்டுவார், தபால்காரர் தட்டுவார், ஒருமுறை ஓட்டு கேட்க வந்த வேட்பாளரே தட்டிவிட்டுப் போனார். ஒருவரும் அகப்படாவிட்டால் மாமா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்.

“நீங்களே தட்டிட்டு ஏறி உக்காந்தா இன்னா மாமா?” என்று ஒரு தடவை கேட்டேன்.

“பெல் அடிக்கிறவன் வேற, ஓட்றவன் வேற. ரெண்டும் ஒரே ஆளு செஞ்சா, தப்பு நடந்தா யார கேப்ப?” என்றார்.

இந்த ஜீப்பைத் தொலைத்துக் கட்ட வேண்டும் என்று பெங்களூரில் இருக்கும் அவர் மகள் ஸ்டெல்லா ஒற்றைக் காலில் நின்றாள். எங்கள் லைனில் பிரசவம் என்றாலும் அதுதான் போகும். என் கல்யாணத்துக்கும் அதுதான், என் அப்பாவைக் கல்லறைக்குக் கொண்டுபோனதும் அதுதான். இதெல்லாம் ஸ்டெல்லாவுக்கும் தெரியும். ஆனால் எழுபதை நெருங்குகிற அப்பா அதற்கடியில் படுத்து ஸ்பேனர் பிடிப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. போன வருஷம் பதிவைப் புதுப்பிக்கிற நாள் வந்தபோது போனில் ஒப்பந்தம் போட்டாள். ஆர்.டி.ஓ. ஆபீசர் பார்த்து சர்டிபிகேட் கொடுத்தால் ஜீப் இருக்கட்டும். அன்று சாயங்காலம் நாலு மணிக்குள் கிடைக்காவிட்டால் மறுநாள் காயலான் கடைக்குப் போய்விட வேண்டும். வண்டி தானாக ஓடி வர வேண்டும், கட்டி இழுத்து வந்தால் ஆபீசர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

மாமா சரி என்று சொல்லிவிட்டார். சொன்ன சொல்லை அவர் மாற்றிக்கொண்டதாகச் சரித்திரம் இல்லை.

அன்று காலை, ஹெட்லைட் மாட்டிக்கொள்ள என்னையும் ஏற்றிக்கொண்டு பக்கத்து ஊரான பேத்தமங்களாவுக்குப் போனார். கிளம்பும்போதே கேட்டேன், “டீசல் கீதா மாமா?”

டீசல் முள் எந்தக் காலத்திலோ செத்துவிட்டது. சீட்டுக்கடியில் இருக்கும் டாங்கில் ஒரு மூங்கில் குச்சியை விட்டுப் பார்ப்பதுதான் மாமாவின் வழக்கம். குச்சியில் கோடு போட்டு சுரங்கம் மாதிரியே லெவல் லெவலாகப் பிரித்து வைத்திருக்கிறார். அன்றும் விட்டுப் பார்த்து, “நாலாவது லெவல்ல கீது. பெங்களூரே போலாம்” என்றார்.

திரும்பி வரும்போது, மத்தியானம் ரெண்டு மணிக்கு, ஒரு புளியமரத்தடியில் ஜீப் ரெண்டு தும்மல் போட்டு நின்றது. டாங்க் காலி.

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மாமா நெற்றியில் அறைந்துகொண்டார். அவர் வீட்டு வாசல் ஒரே சரிவு. எப்போதும் ஒரு பக்கமாகவே நிறுத்துகிறவர், ஆபீசர் பார்க்கப் போகிற வண்டியாயிற்றே என்று துடைத்துப் பளபளப்பாக்கி, அன்று திருப்பி நிறுத்தியிருந்தார். இருந்த கொஞ்சம் டீசலும் குச்சி விடுகிற பக்கமாக வந்து சேர்ந்துகொண்டது. குச்சி பொய் சொல்லிவிட்டது.

பக்கத்து வயலில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தவர், “ஏமாயிந்தி அண்ணா?” என்று தெலுங்கில் விசாரித்துக்கொண்டு வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு அஞ்சு லிட்டர் கேனைக் கொண்டுவந்து ஊற்றினார். நான் ரெண்டு தட்டு தட்டினேன். மாமா சாவியைத் திருப்பினார். ஜீப் இருமியதே தவிர எழுந்திருக்கவில்லை.

“தள்ளிப் பார்க்கலாம் மாமா.”

“கைய எட்றா!”

“மணி ரெண்டே கால் ஆவுது மாமா!”

“ஆவட்டுமே. பைப்புல காத்து பூந்துகினு கீது. காத்த தள்ளினா வண்டி ஓடுமாடா? பேத்தமங்களாவுலேர்ந்து பெங்களூர் வரிக்கும் தள்ளு, ஓடாது. மொதல்ல காத்த வெளிய வுடணும்.”

டீசல் வண்டியில் டாங்க் வறண்டால் குழாயில் காற்று புகுந்துவிடும், அப்புறம் எவ்வளவு ஊற்றினாலும் டீசல் எஞ்சினுக்குப் போய்ச் சேராது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. என்னை ஸ்டியரிங்கில் உட்கார வைத்துவிட்டு மாமா பானெட்டுக்குள் தலையை விட்டார். பில்டர் மேலே இருக்கிற ஸ்குருவைத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்தினால் நுரை நுரையாகக் காற்று வெளியேறும். நுரை நின்று சுத்தமாக டீசல் வந்ததும் முறுக்கிவிட வேண்டும். கேட்க எளிது. ஆனால் ஸ்குரு துருப்பிடித்து இறுகிக் கிடந்தது.

மாமா ஸ்பேனரை எடுத்து அதன் தலையில் ஒரு போடு போட்டார். அசையவில்லை. ரெண்டாவது போடு. மூணாவது போடு.

ஜீப் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. திரும்பிப் பார்க்கிறேன், புளியமரத்தடியில் பஸ்ஸுக்கு நின்றிருந்த மூன்று கிழவர்கள், காய்கறிப் பையோடு, பின்னால் வரிசையாக ஏறி உட்கார்ந்திருந்தார்கள். மூவரும் பழைய சுரங்க ஆட்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“யோவ், இன்னாங்கையா?” என்றேன்.

“மூணு பெல் அடிச்சாங்களே?” என்றார் ஒருவர்.

“அது பெல் இல்லீங்க, ஸ்குருவ அடிச்சாரு. எறங்குங்க!”

“மூணு பெல்லுக்கு ஏறினவன் நடுவுல எறங்கக் கூடாது தம்பி. உனக்கு ரூல் தெரியாது.”

நியாயத்துக்காக மாமாவைப் பார்த்தேன். அவர் பானெட்டுக்குள்ளிருந்து தலையை எடுத்து, “அவங்க சொல்றது கரெக்டு. எறக்காத” என்றார்.

மூணாவது போட்டில் ஸ்குருவும் இளகியிருந்தது. மாமா பம்பை அழுத்தினார். நுரை வந்தது, நின்றது, முறுக்கினார், ரெண்டு தட்டு. நான் சாவியைத் திருப்பினேன். எழுந்திருக்கவில்லை. ஒரு தட்டு. நிறுத்தினேன். “பேட்டரிய கொல்லாத, அதுவும் மூச்சு வாங்கட்டும்” என்று சொல்லிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். மணி மூணு. மூணே கால். பம்பை விடாமல் அழுத்தினார்.

“வுட்ருங்க மாமா” என்றேன்.

“எதடா வுட்றது? சுரங்கம் முடிஞ்சிபோச்சின்னாங்க. ஊரு முடிஞ்சிபோச்சின்னாங்க. நாம இன்னும் இங்கதான கீறோம்? முடிஞ்சிபோச்சின்னு நான் சொல்லணும்டா. நான் இன்னும் சொல்லல. ரெண்டு பெல்!”

டொக் டொக். திருப்பினேன். ஜீப் ஒரு முறை உதறியது, கறுப்பாக ஒரு புகையைக் கக்கியது, பிடித்துக்கொண்டது. பின்னாலிருந்த மூவரும் விசிலடித்தார்கள்.

மாமா ஸ்டியரிங்குக்கு மாறி ஓட்ட, நாலுக்கு ஆறு நிமிஷம் இருக்கும்போது ஆபீசுக்குள் நுழைந்தோம். சின்ன வயசு ஆபீசர் பின்னால் எட்டிப் பார்த்து, “இவரெல்லா யாருரீ?” என்று இவர்களெல்லாம் யாரென்று கன்னடத்தில் கேட்டார்.

“ஆள் ஏறிட்டாங்க சார். எறக்க முடியாது” என்றார் மாமா.

ஆபீசர் பிரேக்கைப் பார்த்தார், லைட்டைப் பார்த்தார். பிறகு, “ஆஃப் மாடி. மத்தே ஸ்டார்ட் மாடி” என்று, அணைத்துவிட்டு மறுபடி கிளப்பச் சொன்னார்.

மாமா ஆஃப் பண்ணினார். அவ்வளவுதான், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பேட்டரியில் உயிர் இருக்கிறதோ இல்லையோ தெரியவில்லை. தட்டலாம் என்று பானெட்டுக்கு ஓடினேன்.

“நீ தட்டாத. பாக்கிறவருதான் பெல் அடிக்கணும்” என்று என்னைத் தடுத்தார். “சார், பானெட்ல ரெண்டு தட்டு தட்டுங்க.”

“யாக்கே?” என்று ஆபீசர் காரணம் கேட்டார்.

“தட்டுங்க சார். இது அப்படித்தான் ஸ்டார்ட் ஆவும்.”

ஆபீசர் என்னைப் பார்த்தார், மூன்று கிழவர்களைப் பார்த்தார். மூவரும் தலையாட்டினார்கள். வேறு வழியில்லாமல் பேனாவால் ரெண்டு தட்டு தட்டினார். ஜீப் முதல் திருப்பலிலேயே எழுந்து கர்ஜித்தது. ஆபீசர் பயந்து ஓரடி பின்னால் போனார். அதே பேனாவால் சர்டிபிகேட்டில் கையெழுத்தும் போட்டார்.

சரியாக நாலு மணிக்கு ஸ்டெல்லா போன் பண்ணினாள். “இன்னாப்பா ஆச்சி?” என்று அவள் கேட்டது வெளியே எனக்கே கேட்டது. மாமா போனைக் கொண்டுபோய் எஞ்சின் பக்கத்தில் பிடித்தார். அந்தப் பக்கம் அவள் சிரித்தது கேட்டது.

ஜீப்புக்கு இன்னும் ஐந்து வருஷம் கொடுத்திருக்கிறார்கள். ஆபீசர் கையெழுத்துப் போடும்போது நான் பக்கத்தில்தான் நின்றேன். அதே தாளில் மாமாவுக்கும் ஐந்து வருஷம் சேர்த்து எழுதிவிடுங்கள் சார் என்று கேட்க வாய் வரை வந்தது.