நிமிர்வு மகானும் மழைக்கோட்டும்

பேருந்துப் பணிமனை ஓய்வறையில் அன்று தேநீர்க் கோப்பை வைக்கக்கூட இடமில்லை. ஓட்டுநர்கள், நடத்துநர்கள், வண்டி கழுவுகிறவர்கள் எல்லோரும் முதுகைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். நிமிர்வு மகான் எழுந்தருளியிருந்தார் அல்லவா! அவர் தரும் இடுப்புப் பட்டையைக் கட்டினால் கூன் நிமிருமாம், வலி ஓடுமாம், கவலை கரையுமாம். கட்டிக்கொண்டு சும்மா இருந்தால் போதும். சும்மா இருக்கச் சொல்லும் வைத்தியத்துக்குக் கூட்டம் கேட்கவா வேண்டும்?

இடப்பக்கம் சாய்ந்தே ஓடும் ஒரு பழைய பேருந்துக்கும் யாரோ பட்டை கட்டிப் பார்த்தார்கள். அது நிமிரவில்லை. வண்டிக்கு நம்பிக்கை போதாது என்றார் மகான்.

நேரடி நிரூபணமும் உண்டு. கையைப் பக்கவாட்டில் நீட்டி ஒற்றைக்காலில் நிற்கவேண்டும். மகான் நீட்டிய கையை இரண்டு விரலால் அழுத்துவார். ஆள் சாய்ந்துவிடுவார். பட்டை கட்டியபின் மறுபடி அழுத்துவார். ஆள் அசையமாட்டார். கைதட்டல் கூரையைப் பிய்க்கும்.

வரிசையில் முதலில் நின்றவர் தொலைதூரப் பேருந்து ஓட்டும் பெண்மணி. அடுத்த வாரம் அவருக்கு உடல்தகுதிப் பரிசோதனை. முதுகு ஏமாற்றினால் ஸ்டியரிங்கை மறந்துவிட்டு அலுவலக மூலையில் முத்திரை குத்தவேண்டியதுதான். அவருடைய நாத்தனார் பிசியோதெரபிஸ்ட். அவர் சொல்லிக்கொடுத்த பயிற்சியில் வலி பாதி குறைந்திருந்தது. ஆனால் பட்டை கட்டுகிறவர் உடற்பயிற்சி செய்தால் சக்தி கலைந்துவிடும் என்பது மகானின் நிபந்தனை.

சேதி கேட்டு நாத்தனார் ஓடிவந்தார்.

“அண்ணி, பயிற்சியை நிறுத்திட்டீங்களாமே?”

“பின்னே? தரையில படுத்துக்கிட்டு, வயித்தை எக்கிக்கிட்டு, மூச்சையே கவனிச்சுக்கிட்டு... உங்க அண்ணன் பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறாரு.”

“நான் சொல்லிக்கொடுத்ததுனாலதானே கசக்குது?”

“அதுவும்தான்னு வச்சுக்கோயேன்.”

மகான் கண் திறந்தார். “சந்தேகப்படுற பொண்ணுக்கு முதுகு வளையும்!”

“என் முதுகை நான் பார்த்துக்கிறேன் சாமி. சின்னதா ஒரு சோதனை. வரிசையில நிக்கிற இவங்க உடை மாத்துற அறைக்குப் போகட்டும். சிலபேர் பட்டை கட்டட்டும், சிலபேர் கட்டாம இருக்கட்டும். மேலே மழைக்கோட்டு போட்டுக்கிட்டு வரட்டும். யாரு கட்டியிருக்காங்கன்னு நீங்க அழுத்திப் பார்த்துச் சொல்லுங்க.”

“மழைக்கோட்டுக்குள்ள சக்தி வேலை செய்யாதும்மா.”

பணிமனை மேற்பார்வையாளர் துள்ளி எழுந்தார். மகானின் முதல் சீடர் அவர்தான். “என்ன சாமி இப்படிச் சொல்றீங்க? இரும்புப் பெட்டிக்குள்ள வச்சாலும் வேலை செய்யும்னு நேத்துதானே சொன்னீங்க! நானே முதல்ல வர்றேன்!”

மகான்களைக் கவிழ்ப்பதற்கு எதிரிகள் தேவையில்லை. தீவிர பக்தர் ஒருவர் போதும்.

மேற்பார்வையாளர் கோட்டு மாட்டிவந்து ஒற்றைக்காலில் நின்றார். மகான் அழுத்தினார். மனிதர் பக்கத்திலிருந்த நாற்காலியையும் சேர்த்துக்கொண்டு சாய்ந்தார்.

“வெறும் இடுப்பு!” என்று முழங்கினார் மகான்.

மேற்பார்வையாளர் விழுந்த இடத்திலிருந்தே கோட்டைத் திறந்து காட்டினார். உள்ளே இரண்டு பட்டைகள். வேகமாகக் குணமாக வேண்டுமாம்.

அடுத்து அண்ணி. அழுத்தினார், அசையவில்லை. “பார்த்தீங்களா பட்டையோட மகிமையை!”

அண்ணி கோட்டைத் திறந்தார். பட்டையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

நாத்தனார் சிரித்தார். “உடம்பை விட்டு வெளிப்பக்கமா அழுத்தினா எவரும் சாய்வாங்க. உடம்பைப் பார்த்து உள்பக்கமா அழுத்தினா எவரும் நிப்பாங்க. இவ்வளவுதான் சக்தி.”

அவ்வளவுதான், ஓய்வறை விளையாட்டுத் திடலாகிவிட்டது. நடத்துநர் ஓட்டுநரைச் சாய்த்தார். ஓட்டுநர் மேற்பார்வையாளரை மறுபடி சாய்த்தார். அந்தக் கூத்துக்கு நடுவே நிமிர்வு மகான் பையைக் கட்டிப்பிடித்தபடி, நன்றாகக் குனிந்து, பின்வாசல் வழியாக மறைந்தார்.

அண்ணி நாத்தனாரை ஓரமாக இழுத்தார். “வயித்தை எக்கும்போது மூச்சை உள்ள இழுக்கணுமா, வெளிய விடணுமா?”

“மெதுவா வெளிய விடணும் அண்ணி. வயிறும் இடுப்பும் இறுகுறதைக் கவனிச்சுச் செய்யணும். நிமிர்ந்து உட்கார அந்தத் தசைங்கதான் தாங்குது.”

“உங்க அண்ணன் சிரிச்சா?”

“அவரையும் பக்கத்துல படுக்கப் போடுங்க.”

அடுத்த வாரம் அண்ணி தகுதிப் பரிசோதனையில் தேறினார். எல்லாம் தன் விடாமுயற்சி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார். நாத்தனார் பெயர் மட்டும் வாயில் வரவே இல்லை. போகட்டும், எக்கியது அவர் வயிறுதானே.

முதுகு வலிக்கும் பெருமக்களே, வயிற்றை நன்றாக உள்ளே இழுங்கள். மூளையை மட்டும் உள்ளேயே வைத்துப் பூட்டாதீர்கள்; அதற்கும் பயிற்சி தேவைப்படுகிறது.