உனக்காக ஒரு கியர்பாக்ஸ்

இனிமேல் மலைப்பாதையில் சகலையின் டிக்கியைப் பார்த்துக்கொண்டு வண்டி ஓட்டுவதில்லை என்று மருந்துக்கடைக்காரர் சபதம் எடுத்தார். சபதம் எடுத்த இடம் குளியலறை. சத்தமாக எடுக்கவில்லை. வெளியே மனைவி இருந்தாள்.

மாமனார் வீடு மலைக்கு அந்தப் பக்கம். வருஷத்துக்கு ஒரு தடவையாவது இரண்டு மகள்களும் மாப்பிள்ளைகளோடு வந்து சேர வேண்டும் என்பது அவர் உத்தரவு. இரண்டு மாப்பிள்ளைகளும் ஒரே நேரத்தில்தான் கிளம்புவார்கள். சமதரையில் மருந்துக்கடைக்காரர் முன்னால் போவார். மலை ஏற ஆரம்பித்ததும் வளைவில் கிளட்ச்சை மிதித்து, கியரைத் தேடி, பக்கத்தில் இருக்கும் பெண்டாட்டியைத் திட்டி, மறுபடி கியரைக் கண்டுபிடிப்பதற்குள் சகலையின் ஆட்டோமேட்டிக் கார் ஒரு ஹாரன் அடித்துவிட்டுத் தாண்டிப் போய்விடும். ஹாரனைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மேலே போய்ச் சேர்ந்ததும், டைல்ஸ் கடை வைத்திருக்கும் அந்த மனுஷன் வாசலில் நின்று, "வாங்க சகலை, காப்பி ஆறிடுச்சு" என்பார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

மெக்கானிக்கிடம் போனார்.

"இதே கம்பெனி வேன்ல வர்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உங்க வண்டியிலயும் உக்காரும் சார். பழசு ஒண்ணு பாத்து எடுத்துட்டு வாங்க. பிரிச்சு, தேஞ்சதெல்லாம் தூக்கிப் போட்டுட்டு, கனமான தட்டு வச்சுக் கட்டித் தரேன். மலையில பிச்சுக்கிட்டுப் போகும். ஆனா வண்டி ரெண்டு மாசம் இங்கதான் நிக்கும்."

சிக்கல் அங்கேதான். வண்டி நின்றால் மனைவி வேலைக்குப் பஸ்ஸில் போக வேண்டும். அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். அடுத்தவர்களுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் தொழில். மலைக்கு அந்தப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிரிவுக்குத் தலைமையாக வரச்சொல்லிக் கூப்பிட்டிருந்தார்கள். இவரிடம் அவள் மூன்று தடவை பேசினாள். மூன்று தடவையும் இவர் ஒரே பதிலைச் சொன்னார்.

"எப்படிப் போவ? அந்த நேரத்துக்குப் பஸ் இருக்கா? வண்டி ஓட்டத் தெரியுமா உனக்கு?"

தெரியாது. கல்யாணமான புதிதில் ஒரு நாள் காலி மைதானத்துக்கு அழைத்துப் போய்ச் சொல்லிக்கொடுத்தார். வண்டி துள்ளித் துள்ளி நின்றது. இவர் கத்தினார். அவள் இறங்கி வீட்டுக்கு நடந்தே வந்துவிட்டாள். அதோடு அந்தப் பாடம் முடிந்தது, கதை முடியவில்லை. வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம், வண்டி எப்படித் துள்ளியது என்று நாற்காலியில் உட்கார்ந்து துள்ளிக் காட்டுவார். எல்லோரும் சிரிப்பார்கள். அவள் காப்பித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போவாள்.

அப்படிப்பட்டவளிடம் இப்போது பேச்சை நன்றாகப் பூசி மெழுகிக்கொண்டு போனார்.

"நம்ம வண்டிக்கு ஆட்டோமேட்டிக் போடலாம்னு இருக்கேன்."

"எதுக்கு?"

"உனக்காகத்தான். கிளட்ச்சே கிடையாது. ஒரு கால் போதும். நீயே ஓட்டலாம்."

அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "எனக்காகவா?"

"பின்ன? எத்தன நாளைக்குத்தான் நான் கொண்டுபோய் விடுறது? ஒரு ரெண்டு மாசம் பஸ்ல போய்க்கோ. அப்புறம் நீ ராணி."

"சரிங்க. எனக்குன்னா, கியர் பெட்டி எடுக்க நானும் வரேன்."

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. ஆனால் வேண்டாம் என்று சொல்ல வழி இல்லை. வரட்டும், வந்து நிற்கட்டும், என்ன புரிந்துவிடப் போகிறது என்று தேற்றிக்கொண்டார். வண்டி கைக்கு வந்ததும், "புதுப் பெட்டி, இன்னும் படியல" என்று சொல்லியே ஆயுசு முழுக்கச் சாவியைக் கொடுக்காமல் இருந்துவிடலாம். அந்த யோசனை பிறந்த இடமும் குளியலறைதான்.

காயலான் கடையில் தகரக் கொட்டகையின் ஓரமாகப் பழைய கியர்பாக்ஸ்கள் கிடந்தன. எண்ணெயும் மண்ணும் கலந்த சேறு செருப்பைப் பிடித்து இழுத்தது. இவர் தேடி வந்த வேன் பெட்டிகள் மூன்று இருந்தன. முதல் பெட்டியைப் பளபளவென்று கழுவித் துடைத்து வைத்திருந்தார்கள்.

"இது நல்லா இருக்கே" என்றாள்.

மருந்துக்கடைக்காரர் சிரித்தார். 'அந்த மஞ்சள் மாத்திரை குடுங்க' என்று கேட்டு வருகிறவர்களுக்கென்று ஒரு சிரிப்பு வைத்திருந்தார், அந்தச் சிரிப்பு.

"நீ இப்படிச் சொல்லணும்னுதான் கழுவி வச்சிருக்காங்க. ஓடின பெட்டி அழுக்காத்தான் இருக்கும். இவ்ளோ சுத்தமா கழுவினா எதையோ மறைக்கிறாங்கன்னு அர்த்தம். இங்க பாரு, மூடியோரமா பசை பிதுங்கியிருக்கு. யாரோ திறந்து நோண்டிப் பாத்துட்டு, முடியாம மூடியிருக்காங்க."

"ரொம்பக் கழுவியிருந்தா எதையோ மறைக்கிறாங்க" என்று அவள் பாடம் ஒப்பிப்பதுபோல் திருப்பிச் சொன்னாள்.

"அதேதான்."

இரண்டாவது பெட்டியிலிருந்து வழிந்த எண்ணெய் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தது. உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, துரு பிடித்திருக்கும் என்று தள்ளிவிட்டார். மூன்றாவது பெட்டி பார்க்கவே சகிக்கவில்லை. மேலெல்லாம் கறுப்புப் பிசின். இவர் மண்டிபோட்டு உட்கார்ந்தார். டார்ச் அடித்து போல்ட் ஏறும் காதுகள் ஒவ்வொன்றிலும் விரிசல் இருக்கிறதா என்று விரலால் தடவினார். தண்டைக் கையால் சுற்றினார். எண்ணெயைத் தட்டில் வடித்து, இரும்புத் துண்டு ஏதும் மின்னுகிறதா என்று பார்த்தார். மெல்லிய தூள்தான் இருந்தது. அந்த நேரத்தில் அவர் முகம், தன் குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டதைத் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டவர் முகம்போல் இருந்தது. மனைவி அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அந்த முகம் கிடைத்ததில்லை.

"இதுதான் நமக்கு" என்றார்.

"ஐயே. கருகின வாடை வருதுங்க."

"கருகினது உள்ள இருக்கிற தட்டு. அத எப்படியும் மாத்தப் போறோம். நமக்கு வேண்டியது கூடும் தண்டும். கூடு விரியல. தண்டு ஆடல. யாரும் திறக்கல. போதும்."

"அப்போ உள்ள எல்லாம் கருகிப் போயிருந்தாலும், வெளிக்கூடு உடையாம இருந்தா ஓட்டிரலாம்."

"ஆமா."

"நம்ம வீடு மாதிரி."

காயலான் கடைக்காரர் வேறு பக்கம் திரும்பி இருமினார். மருந்துக்கடைக்காரர் காதில் விழாததுபோல் டார்ச்சை அணைத்தார்.

"தினமும் மலை ஏறி இறங்கினா தாங்குமா?" என்று கேட்டாள்.

"தினமுமா? சரக்கு வேன்ல இருந்த பெட்டி. மலையையே தூக்கிக்கிட்டு ஏறும்."

"நடுவழியில நின்னுடாதே?"

"நான் பாத்து எடுத்த பெட்டி நிக்காது."

"அது போதும்" என்றாள். இத்தனை வருஷத்தில் தன் திறமையை அவள் ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை என்று அவருக்கு மார்பு கொஞ்சம் விரிந்தது.

இரண்டு மாதம் ஓடியது. மாலையில் கடையைப் பூட்டியதும் இவர் மெக்கானிக் பட்டறைக்குப் போய், பிரித்துப் போட்ட பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். மனைவியும் தினமும் தாமதமாகத்தான் வந்தாள். "பஸ் லேட்டு" என்பாள். வண்டியை நிறுத்தியவர் இவர் என்பதால் வாயைத் திறக்கவில்லை. பெட்டியை ஏற்றிய பிறகும் மெக்கானிக் வண்டியைத் தரவில்லை. "மெதுவா ஓட்டிப் படிய வைக்கணும் சார், பகல்ல நாங்க பாத்துக்கிறோம்" என்றார். இவரும் பகலில் கடையில் மாத்திரை எண்ணினார்.

மாமனார் வீட்டுக்குப் போகும் நாளுக்கு முந்தைய மாலை வண்டி வந்தது. சகலைக்குப் போன் போட்டார். "வண்டிக்கு ஆட்டோமேட்டிக் பெட்டி போட்டாச்சு. நாளைக்கு மலையில பாப்போம்" என்றார். வாயெல்லாம் பல்.

காலையில் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வெளியே வந்தால், ஓட்டுகிற சீட்டில் மனைவி உட்கார்ந்திருந்தாள். பக்கத்து சீட்டில் ஒரு சூட்கேஸ். பின்சீட்டில் மெத்தைச் சுருளும் இரண்டு அட்டைப்பெட்டிகளும்.

"என்ன விளையாட்டு இது? இறங்கு."

"எனக்காகத்தானே கட்டினீங்க?"

"புதுப் பெட்டி. இன்னும் படியல."

"படிஞ்சாச்சு. நீங்க கடையில இருந்தீங்க. ஓட்ட ஆள் இல்லன்னாரு மெக்கானிக். மத்தியான ஷிப்ட் மாத்திக்கிட்டு நான்தான் ஓட்டிப் படிய வச்சேன்."

"உனக்கு எங்க ஓட்டத் தெரியும்?"

"பஸ் லேட்டுன்னு சொன்னேனே, அப்ப டிரைவிங் ஸ்கூல்ல கத்துக்கிட்டேன். லைசென்ஸ் வாங்கியாச்சு. ஒரு தடவகூட துள்ளலங்க."

அந்தக் கடைசி வார்த்தையை அவள் அழுத்திச் சொல்லவில்லை. அதனாலேயே அது நன்றாக இறங்கியது.

"அப்ப... இந்தப் பெட்டி படுக்கையெல்லாம்?"

"திங்கட்கிழமை அந்த ஆஸ்பத்திரியில சேர்றேன்."

"தினமும் போய்ட்டு வருவியா?"

"மொதல்ல கொஞ்ச நாள் அப்பா வீட்டுல இருக்கேன். தினமும் வரலாமா வேண்டாமான்னு அப்புறம் பாக்குறேன். எது கருகியிருக்கு, எதை மாத்த முடியும்னு பாக்கணும்ல."

மருந்துக்கடைக்காரருக்கு முதலில் கோபம் வந்தது. அது வந்த வேகத்திலேயே போய், பயம் வந்தது. இவள் இல்லாமல் இந்த வீட்டுக்குள் எப்படிப் போவது என்று நிஜமாகவே பயந்தார். போகாதே என்று சொல்ல வாயெடுத்தார். பழக்கமில்லாத வார்த்தை, வரவில்லை.

"எண்ணெய் அளவு பாத்துக்கோ" என்றார்.

"பாத்தாச்சு."

"நான் உன்கிட்ட மறைச்சேன்னு எப்பத் தெரியும்?"

"'உனக்காகத்தான்'னு சொன்னீங்களே, அப்பவே சந்தேகம். காயலான் கடையில நீங்களே பாடம் எடுத்தீங்க. அவ்ளோ சுத்தமா கழுவியிருந்தீங்க." சாவியைத் திருப்பினாள். வண்டி முனகாமல் உயிர் பெற்றது. நல்ல பெட்டி.

"நான் எங்க உக்கார்றது?"

"உங்க சகலைகிட்ட சொல்லிட்டேன், வந்து கூட்டிட்டுப் போவாரு. நான் பெட்ரோல் போட்டுட்டு வரேன்."

சகலையின் காரில் முன்சீட்டில் மச்சினி உட்கார்ந்திருந்தாள். இவர் பின்சீட்டில், அவர்கள் வாங்கி வைத்திருந்த பழக்கூடைக்குப் பக்கத்தில் ஒடுங்கினார். சமதரை முழுக்கச் சகலை பேசிக்கொண்டே வந்தார். மலை ஏற ஆரம்பித்து, வளைவு வந்ததும் பின்னால் ஒரு ஹாரன் கேட்டது. ஒரே ஒரு ஹாரன். சகலை ஆக்ஸிலரேட்டரை மிதித்துப் பார்த்தார். பயனில்லை. பழைய வண்டி ஒன்று, கியர் மாறுவதே தெரியாமல், அலுங்காமல் தாண்டி முன்னால் போனது.

"யப்பா, என்னா இழுவை" என்றார் சகலை. "பெட்டி யாரு பாத்து எடுத்தது?"

மருந்துக்கடைக்காரர் பழக்கூடையை நகர்த்திவிட்டு முன்கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தார். அவருடைய சபதம் நிறைவேறிவிட்டது. அன்று மலை உச்சி வரைக்கும் சகலையின் டிக்கி அவர் கண்ணில் படவே இல்லை. பார்த்துக்கொண்டே போனது சொந்த வண்டியின் டிக்கியைத்தான்.