பூப்போட்ட திரையும் பெட்ரோல் ரம்பமும்

அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலையில் நெடுநாள் இருந்தால் ஒரு வியாதி ஒட்டிக்கொள்ளும். தன்னைத் தவிர உலகத்தில் எல்லாவற்றிலும் பிழை இருப்பதாகத் தோன்றும். நம்முடைய ஆளுக்கு அது நன்றாக முற்றிப்போயிருந்தது. யாராவது கல்யாணப் பத்திரிகை நீட்டினால், வாழ்த்துவதற்கு முன்னால் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுப்பார். தெருவில் அவருக்குப் ‘புரூஃப்’ என்றே பேர் விழுந்துவிட்டது. சொந்தப் பேர் மின்சார ரசீதில் மட்டும் உயிரோடு இருந்தது.

அந்த வாரம் அடித்த காற்றில் அவர் வீட்டுக் கொல்லை மரம் சாய்ந்தது. நல்லவேளையாக வீட்டின் மேல் விழவில்லை. துணி காயப்போடுகிற கொடியை இழுத்துக்கொண்டு குறுக்கே படுத்துவிட்டது. புரூஃப் இடுப்பில் கை வைத்து அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் ஈரத்துணி வாளியோடு மனைவி வந்து நின்றாள்.

"மரம் வெட்டறவர வரச் சொல்லட்டுமாங்க?"

"எதுக்கு? நான் இருக்கேன்ல?"

"நீங்க இருக்கீங்க. மரமும் இருக்கு. ரெண்டும் இப்படி அசையாம இருந்தா நான் துணிய எங்க போடறது?"

புரூஃபுக்குச் சுருக்கென்றது. ஆண்மகன் ஒருவன் பெரிய முடிவுகளை எடுப்பது இந்த மாதிரி நேரங்களில்தான்.

"இந்த மரத்த நானே அறுக்கப்போறேன். மெஷின் வாங்கப்போறேன். அந்த மெஷின வைக்கப் பின்னாடி ரூம ஒர்க்‌ஷாப் ஆக்கப்போறேன்."

கடைசி வாக்கியத்தில்தான் விஷயம் இருந்தது. பின்னறையில் இப்போது குடியிருந்தது கால் உடைந்த ஒரு கட்டிலும் தலை சுற்றாத ஒரு மேஜை விசிறியும்தான். ஆனால் அதற்குப் பெரிய ஜன்னல் உண்டு. காலை வெயில் தாராளமாக உள்ளே வந்து உட்காரும். சுவர் முழுக்க ஆணியடித்துக் கருவிகளை வரிசையாகத் தொங்கவிட வேண்டுமென்பது அவருடைய கனவு. ஜன்னலோரம் தையல் மெஷினைப் போட வேண்டுமென்பது அவளுடைய கனவு. தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் கவுன் தைத்துக் கொடுக்கிறவள் அவள். அந்தத் தையல் மெஷினோ சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில் ஒரு இருட்டு இடுக்கில் கிடந்தது. ஊசியில் நூல் கோக்க வேண்டுமென்றால் டார்ச் அடிக்க வேண்டும்.

அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

"சரிங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள நீங்களே இந்த மரத்த அறுத்து முடிச்சிட்டா ரூம் உங்களுது. முடியலன்னா என் தையல் மெஷினுக்கு."

"பேச்சு மாறக் கூடாது."

"நான் எதுக்கு மாறப்போறேன்? எழுதினத மாத்தறதெல்லாம் உங்க வேலை."

மறுநாளே இருவரும் மெஷின் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் வைத்தியர் மாதிரி நிதானமாக விசாரிக்கிறவர்.

"மரம் எவ்வளவு கனம் சார்?"

புரூஃப் இரண்டு கைகளையும் விரித்துக் காற்றைக் கட்டிப்பிடித்துக் காட்டினார். போதாது என்று பட்டதோ என்னவோ, இன்னும் கொஞ்சம் விரித்தார். கடைக்காரர் அவரை விட்டுவிட்டு மனைவியைப் பார்த்தார். அவள் ஒரு தண்ணீர்க் குடத்தின் அளவைக் காட்டினாள்.

"அப்ப பேட்டரி மெஷினே போதும் சார். பட்டன அமுக்கினா ஓடும். பெட்ரோல்ல ஆயில் கலக்கற வேலை கிடையாது. கயிறு இழுக்கற வேலை கிடையாது."

"சத்தம் வருமா?"

"அவ்வளவா வராது சார்."

புரூஃபின் முகம் தொங்கிப்போயிற்று. சத்தமில்லாமல் மரத்தை அறுத்தால், அறுத்தது யாரென்று அடுத்த தெருவுக்கு எப்படித் தெரியும்?

"பெட்ரோல்ல காட்டுங்க. பெருசா."

"ஏங்க, அவர்தான் பேட்டரியே போதும்ங்கறாரே," என்றாள் மனைவி.

"உனக்கு இதெல்லாம் புரியாதும்மா."

கடைக்காரர் பெட்டியைப் பிரித்துச் சிவப்பு நிறத்தில் ஒரு பெரிய ரம்பத்தை எடுத்து நீட்டினார். "இதுவும் நல்ல மெஷின்தான். ஆனா வைக்கிற இடம் பாத்துக்கணும். பேட்டரி மெஷின்னா எங்க வேணாலும் வச்சுக்கலாம். பெட்ரோல் மெஷின வீட்டுக்குள்ள வைக்கக் கூடாது. ஆவி கிளம்பும், வாடை அடிக்கும், நெருப்பு பயம் வேற. வெளில காத்தாட ஒரு கொட்டகை மாதிரி இருந்தா நல்லது."

இந்த நல்ல வார்த்தைகள் சொல்லப்பட்ட நேரத்தில் புரூஃப் ரம்பத்தைத் தூக்கித் தோளில் சாய்த்து, கண்ணாடி அலமாரியில் தன் தோற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு எழுத்துகூட அவர் காதில் விழவில்லை. மனைவியின் காதில் விழுந்தது. துணியில் கத்திரி வைப்பதற்கு முன்னால் யோசிப்பாளே, அந்த மாதிரி ஒரு கணம் யோசித்தாள்.

"ஏங்க."

"என்ன?"

"அந்தப் பெரிய பெட்ரோல் மெஷினே வாங்கிடுங்க. உங்க உடம்புவாகுக்கு அதுதான் எடுப்பா இருக்கு."

புரூஃப் உருகிப்போனார். இப்படி ஒரு வார்த்தை அவர் கேட்டுப் பல காலம் ஆகிறது. மனைவி பாராட்டும்போது காரணம் கேட்கிற புருஷன் இன்னும் பிறக்கவில்லை.

"செயினும் பிளேடும் தனித்தனியா இருக்கு சார். நான் மாட்டிக் குடுத்துடட்டுமா?"

"வேண்டாம். கூட புத்தகம் இருக்குல்ல? அச்சுல இருக்கறதப் படிச்சுச் செய்யத் தெரியாதவனா நான்?"

அச்சு என்றால் அவருக்கு அப்படி ஒரு பக்தி. வாயால் சொல்வது காற்றோடு போகும். அச்சில் ஏறி, பிழை பார்த்து, வெளியே வந்துவிட்டால் அதற்கு மேல் அப்பீல் இல்லை என்பது அவர் கட்சி. அன்று சாயங்காலம் கூடத்தில் உட்கார்ந்து, மெஷின் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து உரக்கப் படித்தார். கையில் சிவப்புப் பேனா. இரண்டு இடத்தில் ஒற்று விட்டுப்போயிருந்தது, போட்டார். ‘படத்தில் காட்டியுள்ளபடி செயினின் பற்களைப் பொருத்தவும்’ என்று ஒரு வாக்கியம் வந்தது. ஒரு பிழையும் இல்லை. பக்கத்தில் ஒரு டிக் அடித்துவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்டார். செயினை மாட்டும்போதும் படத்தைப் பார்க்கவில்லை. படங்களை அவர் எப்போதும் பார்ப்பதில்லை. அவற்றில் எழுத்துப்பிழை இருப்பதில்லையே.

அதே படம் மெஷினின் மூடி மேலும் சின்னதாக இருந்தது. பல் எந்தப் பக்கம் பார்க்க வேண்டுமென்று அம்புக்குறியோடு போட்டிருந்தார்கள். புரூஃப் கண்ணுக்கு அது காலி இடமாகத் தெரிந்தது. அச்சகத்திலிருந்து ஒரு சிவப்பு லேபிள் அடித்துக்கொண்டு வந்து, சரியாக அதன் மேலேயே ஒட்டினார். ‘யாரும் தொடக் கூடாது.’

மனைவி தொடவில்லை. அவள் டேப்பை எடுத்துக்கொண்டு பின்னறை ஜன்னலை அளந்துகொண்டிருந்தாள்.

"என்னம்மா பண்ற?"

"திரை தைக்கத்தான். ரூம் வெறிச்சுன்னு இருக்கில்ல."

"ஒர்க்‌ஷாப்புக்குத் திரையா?"

"இருக்கட்டுமே."

துணியில் மஞ்சள் மஞ்சளாகப் பூ இருந்தது. தோற்கப்போவது தெரிந்தும் என் அறைக்குத் திரை தைக்கிறாளே என்று அவருக்குப் பாவமாக இருந்தது. அவளுக்கு நல்லதாக ஒரு கத்திரிக்கோல் வாங்கித்தர வேண்டும் என்று அந்த நிமிடமே நினைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை. தலையில் ஹெல்மெட், முகத்தில் வலை மூடி, கையில் தடித்த உறை, காலில் முழங்கால் வரை பூட்ஸ். கொல்லைக் கதவைத் திறந்து அவர் வெளியே வந்தபோது, சுவரில் படுத்திருந்த பூனை எழுந்து வேறு வீட்டுக்குப் போய்விட்டது. புத்தகத்தில் சொன்ன அளவுக்குப் பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றினார். கயிற்றை இழுத்தார். மெஷின் இருமியது. மறுபடி இழுத்தார். இந்தத் தடவை இருமல்கூட இல்லை. இழுத்து இழுத்து அவர்தான் சூடானார்.

சுவருக்கு மேலே ஒரு தலை முளைத்தது. பக்கத்து வீட்டுக்காரர். ரயில் இன்ஜின் ஓட்டி ரிட்டயர் ஆனவர், அதனால் ‘இன்ஜின்’. ஓடுகிற பொருள் எதுவானாலும் அதற்கு அவரிடம் ஒரே வைத்தியம்தான்.

"பிளக்கு," என்றார் இன்ஜின்.

"பாக்காமலேயே சொல்றீங்களே?"

"பாக்கறதுக்கு என்ன இருக்கு? பிளக்குதான்."

கழற்றிப் பார்த்தால் பிளக் பெட்ரோலில் குளித்திருந்தது. துடைத்துக் காயவைத்து மாட்டி இழுத்ததும் மெஷின் ஒரு கத்து கத்தியது பாருங்கள், தெருவே ஜன்னலுக்கு வந்தது. புரூஃப் சொர்க்கத்துக்கு ஒரு சாண் கீழே நின்றார். இதற்காகத்தானே காசு கொடுத்தது. கம்பீரமாக ரம்பத்தை மரத்தின் மேல் வைத்தார்.

செயின் ஓடியது. சத்தம் வந்தது. புகை வந்தது. தூள் மட்டும் வரவில்லை. ரம்பத்தை எடுத்துப் பார்த்தால், வைத்த இடம் பழுப்பாகப் பளபளவென்று மின்னியது.

கொல்லைக் கதவில் நின்ற மனைவி கேட்டாள்: "மரத்துக்குப் பாலிஷ் போடறீங்களா?"

"மரம் ரொம்ப முரடு. உள்ள போக மாட்டேங்குது."

"பிளக்கு," என்றார் சுவருக்கு மேலிருந்து இன்ஜின்.

அன்று முழுக்க வைத்தியம் நடந்தது. பிளக்கை மாற்றினார். காற்று வடிகட்டியைத் தட்டிச் சுத்தம் செய்தார். செயினை இறுக்கினார், தளர்த்தினார், ஆயில் காட்டினார். ஒரு அரம் வாங்கிவந்து ஒவ்வொரு பல்லாகத் தீட்டினார். ஞாயிற்றுக்கிழமை காலையிலும் புகைதான். பாலிஷ் மட்டும் மூன்று இடத்தில் ஆகியிருந்தது. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது புரூஃபுக்குச் சோறு இறங்கவில்லை. சுவர் நிறைய ஆணிகள், ஆணி நிறைய கருவிகள் என்று பார்த்து வைத்திருந்த கனவு கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது. நிஜமாகவே அழுகை வந்தது. அவர் அதை மிளகாய்க் காரத்தின் மேல் போட்டார்.

மனைவி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க. கொஞ்ச நேரம் படுங்க. சாயங்காலம் ஆக இன்னும் நேரம் இருக்கு."

படுத்தார். துக்கம் தாளாமல் நன்றாகவே தூங்கினார்.

எழுந்தபோது அவள் காப்பியோடு நின்றாள். "கடைசியா ஒரே ஒரு தடவ இழுத்துப் பாருங்களேன்."

"எதுக்கும்மா? நீதான் ஜெயிச்சிட்ட."

"எனக்காகங்க."

அவளுக்காக எழுந்து போனார். மூடி மேல் ஒட்டியிருந்த லேபிளைக் காணோம். சூட்டில் உரிந்து விழுந்திருக்கும், ராசியில்லாத லேபிள் என்று விட்டுவிட்டார். கயிற்றை இழுத்தார். ரம்பத்தை மரத்தில் வைத்தார். வெண்ணெயில் கத்தி இறங்குவது மாதிரி இறங்கியது. தூள் பொலபொலவென்று கொட்டி பூட்ஸை மூடியது.

அதற்குப் பிறகு அவரை யாராலும் நிறுத்த முடியவில்லை. கிளைகள் போயின. நடுமரம் முக்காலி முக்காலியாகத் துண்டாகி உருண்டது. தெருவே கொல்லையில் கூடிவிட்டது. இன்ஜின் ஆளுக்கு ஆள் சொல்லிக்கொண்டிருந்தார், "நான் சொன்னேன்ல, பிளக்குன்னு." வெயில் சாயும்போது மரம் கிடந்த இடத்தில் வெறும் தரை தெரிந்தது. புரூஃப் தலையிலிருந்து கால் வரை மரத்தூளோடு, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார். வாழ்க்கையில் அவர் இத்தனை சந்தோஷமாக இருந்ததை அந்தத் தெரு பார்த்ததில்லை. மனைவியும் பார்த்து வெகு நாளாகியிருந்தது. அவளும் சிரித்தாள்.

கூட்டம் கலைந்ததும் ரம்பத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு பின்னறைக்கு நடந்தார். மனைவி வாசற்படியில் நின்றிருந்தாள். கையில் மெஷின் புத்தகம்.

"ரூம் உங்களுதுதாங்க. நான் பேச்சு மாறல. இந்த வரி மட்டும் என்னன்னு படிங்களேன். கண்ணாடி எங்கயோ வச்சிட்டேன்."

படிக்கச் சொன்னால் அவர் எந்த நிலையிலும் படிப்பார். மரத்தூளை ஊதிவிட்டு உரத்த குரலில் படித்தார்: "பெட்ரோலில் இயங்கும் இந்த இயந்திரத்தை வீட்டின் அறைகளுக்குள் ஒருபோதும்..."

குரல் தேய்ந்து நின்றது.

"ஒருபோதும்?" என்றாள்.

"...வைக்கக் கூடாது."

"அச்சுப்பிழையா இருக்குமோங்க?"

புரூஃப் அந்த வரியை மறுபடி பார்த்தார். எழுத்தெழுத்தாகப் பார்த்தார். பக்கத்திலேயே அவர் கையால் போட்ட சிவப்பு டிக் இருந்தது.

"பிழை இல்ல," என்றார் மெதுவாக.

"கடைக்காரரும் அன்னிக்கே சொன்னாருங்க. நீங்க கண்ணாடி பாத்துட்டு இருந்தீங்க. பரவாயில்ல, கொல்லையில இடம் இருக்கு. மரமும் இல்ல இப்ப. ஒரு சின்னக் கொட்டகை போட்டுக்கலாம்."

"அப்ப ரூம்?"

"சும்மாதான கெடக்கு." அவள் கதவை முழுதாகத் திறந்தாள். கட்டிலும் விசிறியும் போன இடம் தெரியவில்லை. ஜன்னலில் மஞ்சள் பூத்திரை அசைந்துகொண்டிருந்தது. அதன் கீழே, கடைசி வெளிச்சத்தில், தையல் மெஷின் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

புரூஃப் ரம்பத்தைக் கீழே இறக்கினார். "எல்லாம் தெரிஞ்சுதான் பண்ணியா? அப்ப நான் தோத்திருந்தா?"

"தோத்தாலும் ரூம் எனக்குத்தான். ஆனா மரம் அங்கயே கெடக்கும். நீங்களும் மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு உக்காந்திருப்பீங்க. அத யாரு பாத்துட்டிருக்கறது?"

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். அப்போதுதான் தையல் மெஷின் மேல் சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது கண்ணில் பட்டது. கிட்டே போய்ப் பார்த்தார். ‘யாரும் தொடக் கூடாது.’

"இது எப்படி இங்க வந்துச்சு?"

"நீங்க தூங்கறப்ப அந்த செயினத் திருப்பி மாட்டினேன்ல, அப்ப கையில ஒட்டிக்கிச்சுங்க."