டீச்சர் போன வழி

“டீச்சர், இன்னிக்கு எந்தப் பக்கமா இறங்கறோம்?”

யசுகோ திரும்பிப் பார்த்தாள். ஏழு பேர் பனிச்சறுக்குப் பலகைகளை மாட்டிக்கொண்டு வரிசையாக நின்று அவளுக்குத் தலைவணங்கினார்கள்.

எல்லாம் பழைய துணிக்கடையில் மலிவாகக் கிடைத்த சிவப்புக் கோட்டு செய்த வேலை. அதன் முதுகில் ‘ஆசிரியர்’ என்று கொட்டை எழுத்து. முதுகுதானே, யார் படிக்கப்போகிறார்கள் என்று போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். அவளுடைய ஊர்க் குன்றில் பனி கரைந்து புல் தெரிய ஆரம்பித்ததால், இந்த ஏப்ரல் ஞாயிற்றுக்கிழமை முதல் தடவையாக இந்த மலைக்கு வந்திருந்தாள்.

“ஐயோ, மன்னிக்கணும், நான் வந்து...” என்று பதிலுக்குக் குனிந்தாள். சரிவில் நின்று குனிந்தால் பலகை சும்மா இருக்குமா? சர்ரென்று கிளம்பிவிட்டது.

“டீச்சர் கிளம்பிட்டாங்க! வாங்க, வாங்க!”

இளவெயிலில் பனி ஈரச் சர்க்கரை போல நெகிழ்ந்து கிடந்தது. மலை எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத வெண்புகை. எட்டு ஜோடிப் பலகைகளின் ஓசை, பக்கத்து அறையில் யாரோ பட்டுத்துணி மடிப்பது போல மெல்லக் கேட்டது.

கோட்டை ஒழித்தால் தொல்லை தீரும் என்று கழற்றி இடுப்பில் சுருட்டிக் கட்டினாள். ஏழு கோட்டுகள் ஏழு இடுப்புகளுக்கு இறங்கின.

“ஆமாமா, வேர்க்க விடக் கூடாது,” என்றார் அந்த ஏழு பேரில் ஒருவரான மீசைக்கார சுகாவாரா.

இவர்களை உதற வேண்டும் என்று மரங்களுக்குள் புகுந்தாள். அடிமரத்தைச் சுற்றிப் பனி உருகிய பள்ளத்தில் பலகை சிக்க, தொப்பென்று மல்லாந்தாள்.

பின்னால் தொப், தொப் என்று ஏழு சத்தம்.

“இப்படி விழுறத நான் பார்த்ததே இல்ல,” என்று சுகாவாரா படுத்தபடியே வியந்தார். “என்ன ஒரு நிதானம்!”

எழ வெட்கப்பட்டு யசுகோ அப்படியே கிடந்தாள். கிளையிலிருந்து ஒரு சொட்டு அவள் கன்னத்தில் விழுந்தது. யாரோ ஊறுகாய்ப் பழம் வைத்த சோற்று உருண்டையை நீட்டினார்கள். எட்டுப் பேரும் மேகத்தைப் பார்த்துக்கொண்டு மென்றார்கள். தபால் நிலையத்தில் இருபத்தாறு வருஷம் முத்திரை குத்தியிருக்கிறாள். தேநீர் குடிக்கக்கூட யாரும் அவள் பின்னால் வந்ததில்லை. இந்தச் சொப்பனம் இன்னும் கொஞ்சம் நீளட்டுமே என்றிருந்தது.

“டீச்சர், கடைசி பஸ் நாலு மணிக்கு,” என்றார் சுகாவாரா பணிவாக. “போகலாமா, இல்ல இன்னும் கொஞ்சம் விழணுமா?”

எழுந்தாள். திக்குத் தெரியாமல் போனாள். இன்னும் இரண்டு தடவை விழுந்தாள். பின்னால் பதினான்கு தொப். பனிமூட்டம் அடர்ந்து தடமெல்லாம் மறைந்தபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. இந்தத் தடவை ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

“எல்லாரும் மன்னிச்சிடுங்க! நான் டீச்சர் இல்ல. தபாலாபீஸ்ல வேலை பாக்கறவ. இந்த மலைய இன்னிக்குத்தான் பாக்கறேன். வழியும் தெரியாது, சறுக்கவும் சரியா வராது. உங்க எல்லாரையும் தொலைச்சிட்டேன்!”

ஏழு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வரிசையில் கடைசியாக வந்த, அதுவரை வாயே திறக்காத குட்டைப் பெண் பெருமூச்சு விட்டபடி உடம்பிலிருந்த பனியைத் தட்டினாள்.

“வழி எங்களுக்குத் தெரியும்மா, நாங்க ஏழு பேருமே இந்த மலையில சறுக்கச் சொல்லித் தர்ற வாத்தியாருங்கதான், புதுசா வர்ற பெரிய டீச்சர் நீங்கதான்னு நெனச்சோம், அவங்களே விழுறப்போ நாங்க மட்டும் எப்படி நிமிர்ந்து நிக்கறது?”