ஓடக் கூடாத வண்டி

பிரேக்கை அழுத்தினால் ஹாரன் அடித்தது. போன ஞாயிறு வரை அந்தக் காருக்குக் குரலே கிடையாது என்பதால், பல் டாக்டர் இதையும் ஒரு முன்னேற்றமாகவே எடுத்துக்கொண்டார்.

அவருடைய பதினாறு வயது மகள் உள்ளே தலையை நுழைத்து இரண்டு ஒயர்களை மாற்றிப் போட்டாள். ஹாரன் நின்றது, வைப்பர் ஓட ஆரம்பித்தது. டாக்டர் அதைப் பிடித்து நிறுத்தப் பார்த்தார். பல் பிடுங்கிப் பழகிய கை. வைப்பர் வேரோடு வந்துவிட்டது.

"மரத்துப்போற ஊசி போட்டீங்களாப்பா?" என்றாள் மகள்.

டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆறு மாதத்துக்கு முன்பு அந்த வீட்டில் 'அப்பா' என்ற சொல்லே புழக்கத்தில் இல்லை. தோழிகள் முன்னால் அவள் மார்க்கைப் பற்றி வாய்க்கு வந்தபடி பேசிவிட்டார்; அன்றோடு அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். அவரிடம் சொல், அவளிடம் சொல் என்று இருவருக்கும் நடுவில் அலைந்தே அவர் மனைவி நொந்து போனாள். அப்போதுதான் வீடு மாறிப்போன ஒரு நோயாளி இந்த ஐம்பது வயதுக் காரை அவர் தலையில் கட்டினார். ஒரு ஞாயிறு மகள் எட்டிப் பார்த்து, ஸ்பேனரைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார் என்றாள். அன்றிலிருந்து பேச்சுதான், சிரிப்புதான்.

அந்த நோயாளியை டாக்டர் மனசுக்குள் கையெடுத்துக் கும்பிடாத நாளில்லை. வண்டி ஓடிவிட்டால் மகள் மறுபடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாளே என்பதுதான் ஒரே பயம். நல்லவேளை, வண்டி ஒத்துழைத்தது. ஞாயிறு சாயங்காலம் உறுமும். அடுத்த ஞாயிறு காலையில் மூச்சு விடாது.

வைப்பரை வெளிச்சத்தில் வைத்து மாட்டலாம் என்று இருவரும் வண்டியை வெளியே தள்ளினார்கள். அது சரிவில் உருண்டு, எதிர்வீட்டு கேட்டை அடைத்துக்கொண்டு நின்றது. வெளியே கிளம்பிய எதிர்வீட்டுக்காரர் பல்லைக் கடித்தார். கடைவாயில் ஒன்று ஆடுகிறது என்று டாக்டர் எடுத்துச் சொன்னது அவர் கோபத்தைக் குறைக்கவில்லை.

மேட்டில் திரும்பத் தள்ள முடியாது; இன்ஜினைக் கிளப்பினால்தான் வழி பிறக்கும். மகள் பானெட்டைத் திறந்து, ஒரு மூடியைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளே இருக்க வேண்டிய ரோட்டரைக் காணோம்; அது இல்லாமல் இன்ஜின் கிளம்பாது.

"இது தானா கழண்டு விழாதுப்பா. யாரோ கழட்டியிருக்காங்க."

டாக்டர் அவள் முகத்தைப் பார்த்தார். இந்த ஞாயிறுகள் முடியக் கூடாது என்று இவளுக்கும் தோன்றியிருக்கிறதா? நெஞ்சு நிறைந்துவிட்டது. பிள்ளையைக் காட்டிக்கொடுக்க முடியுமா?

"நான்தான் கழட்டினேன்" என்றார்.

"நான்தான்" என்றாள் மகளும், அதே நேரத்தில்.

எங்கே வைத்தீர்கள் என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார். இருவருமே திருதிருவென்று விழித்தார்கள்.

"உங்களைக் காப்பாத்தத்தான்பா சொன்னேன்" என்றாள் மகள் மெதுவாக.

"நானும் உன்னைத்தான்மா."

அதற்குள் எதிர்வீட்டுக்காரர் கூப்பிட்டிருந்த தெருமுனை மெக்கானிக் வந்து சேர்ந்தார். இன்ஜின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், வாசலில் நின்ற டாக்டரின் மனைவியிடம் நேரே போனார். இருபது வருஷம் இன்ஜின் இரைச்சலிலேயே வேலை செய்தவர். அவர் ரகசியம் பேசினாலும் தெரு முழுக்கக் கேட்கும்.

"அக்கா, இந்த வாரம் நான் கழட்டச் சொன்னதை மட்டும்தானே கழட்டினீங்க?"